மூன்றாவது தட்டு

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
டிசம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் வீட்டில் அம்மா மிச்சத்தைத் தின்று உயிர் வாழ்கிறாள். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ஹூஸ்டனில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒவ்வொரு வேளையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதனால் "இவ எதையும் பெருசு பண்ணுவா" என்று சொல்லி இதை மடித்து வைத்துவிட வேண்டாம்.

நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அங்கே எல்லாரும் நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. நீங்கள் நலம் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் குடும்ப குரூப்பில் படம் பிடித்து வந்துவிடுகிறது. அம்மாவுடையது ஒருமுறைகூட வந்ததில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறீர்கள். நான் பேசுவதை அண்ணன், அண்ணி, ரக்ஷா, குக்கர் எல்லாரும் கேட்கிறார்கள். நடுவில் அம்மா புகுந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, நீ சாப்டியா" என்று பேச்சை மூடிவிடுகிறாள். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது.

உங்களுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அந்தச் சமையலறை ஆஸ்பத்திரி கேண்டீன் போல நடக்கிறது. காலையில் ஓட்ஸ், ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம். மதியம் சாமைச் சோறு, கெட்டிப் பருப்பு, இரண்டு காய், ஒரு கீரை. ராத்திரி கேழ்வரகு ரொட்டி. எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுகிறாள். நல்லதுதான். நீங்கள் இன்று ஏரியைச் சுற்றி வேகமாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு ரக்ஷாவுக்குப் பாஸ்தா. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஆபீஸ் டப்பா. எல்லாம் முடிந்ததும் அம்மா பிரிட்ஜைத் திறந்து முந்தின நாள் மீந்த வெள்ளைச் சோற்றை எடுக்கிறாள். பருப்பில் கெட்டி உங்களுக்கும் ரக்ஷாவுக்கும் போய்விடும். மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, சிங்க் பக்கத்தில் நின்றபடி, பாத்திரத்திலேயே சாப்பிட்டு, அதே கையோடு அதைக் கழுவிக் கவிழ்க்கிறாள். கேட்டால், "வீணாப் போயிருமல்லோ" என்கிறாள்.

ரக்ஷா அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? டேகேரில் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "ஹார்ஸஸ் ஸ்லீப் ஸ்டாண்டிங் அப், அப்பத்தா ஈட்ஸ் ஸ்டாண்டிங் அப்" என்றாள். நீங்கள் ரொம்ப நேரம் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம் அந்த மேஜையில் இருந்த மற்றவர்களுக்கு ஜோக்காக இருந்தது.

இன்னொன்று. ஊரில், கோபியில் இருந்தவரை அம்மா தினம் ஒரு முட்டை சாப்பிடுவாள். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை அவள் பங்குக்கு இரண்டு துண்டாவது வரும். டாக்டர் ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னது உங்களை. நீங்கள் வந்து வீட்டுக்குள்ளேயே இனி கவிச்சி கூடாது என்று சட்டம் போட்டீர்கள். ஒருத்தருடைய மருந்துச் சீட்டு மொத்தக் குடும்பத்துக்கும் விரதமாகிவிட்டது. கறிக்குப் பதிலாக உங்களுக்குப் பாதாமும் பனீரும் வந்தன. அண்ணன் ஆபீஸ் பக்கத்தில் சிக்கன் சாப்பிட்டுக்கொள்கிறான். அம்மாவுக்கு முட்டை போனதுதான் மிச்சம்.

நான் வந்திருந்தபோது நம் ஊர்க்காரர்கள் கூடுகிற ஹாலில் இதய நலக் கூட்டம் நடந்ததே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. முன்வரிசை முழுக்க அங்கிள்கள். ஸ்லைடு போட்டுப் பேசிய டாக்டர், "உங்க கணவரோட இதயம் உங்க கரண்டியில இருக்கு" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். கைதட்டினீர்கள். கைதட்டலைக் கேட்க அங்கே பெண்கள் பாதிப் பேர் இல்லை. பின்பக்கத்தில் கூட்டம் முடிந்து வருகிறவர்களுக்காக வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும்தான். அந்த வடைச் சட்டியைத் தூக்கும்போது அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மாடிப்படியில் துணிக்கூடையோடு பாதியில் நிற்கிறாள். தாடை வலிக்கிறது என்கிறாள். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயு, ஓம வாட்டர் குடி" என்றீர்கள். அப்பா, நீங்கள் மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு டிரான்ஸ்பார்மர் சூடாகி முனகினால் வாயு என்று விட்டுவிட்டு வருவீர்களா?

என் வேலை என்ன என்று நீங்கள் யாரிடம் சொன்னாலும் "ஏதோ டேட்டா" என்கிறீர்கள். இப்போது அதைச் சொல்லியாக வேண்டும். கொரியாவில் இருக்கிற ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் குழு அதை வைத்துக்கொண்டு, எந்த மாதிரிச் சாப்பாட்டோடு இதய நோயும் ரத்தக்குழாய் நோயும் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கிறது. மொத்தத்தையும் மூன்று தட்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்று, இறைச்சியும் மதுவும் நிறைந்த தட்டு, பெரும்பாலும் ஆண்களுடையது. இரண்டு, தானியம் கலந்த சோறு, மீன், பயறு, கீரை, பழம் என்று எல்லாம் உள்ள தட்டு. மூன்றாவது, வெள்ளைச் சோறும் கிம்ச்சியும் மட்டும். கிம்ச்சி என்றால் உப்பும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், அவர்கள் ஊர் ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பில்லை. தட்டில் வேறு எதுவும் இல்லாததுதான் தப்பு. இந்த மூன்றாவது தட்டுக்காரர்களில் வயதான பெண்கள் அதிகம். அவர்கள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, கறி தின்பதில்லை. ஆனாலும் அவர்கள் ரத்தத்தில் இருக்கிற கொழுப்பும் பிரஷரும் நன்றாக இல்லை. இது அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சேர்ந்து வருகிறது என்றுதான் சொல்ல முடியும். எங்கள் துறையில் அந்த ஜாக்கிரதை உண்டு. ஆனால் முதல் தட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடித்தால் வீடே ஓடுகிறது, மூன்றாவது தட்டுக்காரிக்கு ஓம வாட்டர். இதைச் சொல்ல எனக்கு எந்த டேட்டாவும் வேண்டாம்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு முன் ஒரு வேளையாவது அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது. விலாசம்கூட எழுதிவிட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு ஆள் இருக்கிறாள்.

தென்றல்


பிஸ்கட்டவே
ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கவர் வரவில்லை. பதில் வீடியோ காலில் வந்தது. நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "நம்ம வூட்டுக்குக் கொரியாவுல இருந்து நோட்டீஸ் வந்திருக்குதுங்கோ" என்றீர்கள். அண்ணன் சிரித்தான். "அவங்க கண்டதையும் திங்கறவங்க, நாம என்ன கொரியாக்காரங்களா" என்றும் கேட்டீர்கள். மறுநாள் அம்மா தனியாகக் கூப்பிட்டு அழுதாள். அவள் உடம்பைப் பற்றி அழவில்லை. "அப்பாவுக்கு எதுக்கு கண்ணு இப்படியெல்லாம் எழுதற, அவருக்கு பிரஷர் ஏறுதல்லோ" என்று அழுதாள்.

"நானா அவளைத் திங்க வேண்டாம்னு சொன்னேன், அவளாத்தான் அப்படித் திங்கறா" என்று அண்ணனிடம் சொன்னீர்களாம். சரி. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நடப்பதுதான் இதில் மோசம். ஒருத்தர் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அதற்காக அண்ணியைக் கை காட்டவும் வேண்டாம். விஷாகா அண்ணி காலையில் ஏழு மணிக்கு பிரீவேயில் இருக்கிறாள். அவள் வருவதற்கு முன்பிருந்தே அம்மா நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள்.

நீங்கள் உத்தரவு போட்டதையும் கேள்விப்பட்டேன். "நாகரத்தினம், இனிமேல் எங்கூட உக்காந்து சாப்புடு" என்றீர்களாம். அண்ணி சொன்னாள்: உட்காருகிறாள். ரசத்துக்கு எழுந்திருக்கிறாள். சூடாக ஒரு ரொட்டிக்கு எழுந்திருக்கிறாள். தன் தட்டில் வைத்த கீரையை, "இது உங்களுக்கு நல்லதுங்க" என்று உங்கள் தட்டுக்குத் தள்ளுகிறாள். நீங்கள் அதையும் சாப்பிடுகிறீர்கள். நீங்கள் கை கழுவியதும் போய் சிங்க் பக்கத்தில் நின்று ரக்ஷா மிச்சம் வைத்த பாஸ்தாவை வழிக்கிறாள். "பாரு, ரெண்டு தடவை திங்கறா, நல்லாத்தான் இருக்கறா" என்று அதற்கும் ஒரு பேச்சு.

போன சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருத்தரை உட்கார வைத்து, முந்தின நாள் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும். நீங்கள் வாக்கிங் போயிருந்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீங்க என்றால், "அப்பாவுக்கு ஓட்ஸ் வெச்சேன், பாதாம் அஞ்சு" என்றாள். உங்களுக்கு அம்மா என்றேன். "ரக்ஷா தோசை பாதிய வெச்சுட்டா" என்றாள். அதை நீங்க சாப்பிட்டீங்களா என்றால், "வேற யாரு திங்கறது" என்று சிரித்தாள். மதியத்துக்குப் போனேன். உங்கள் சாமைச் சோறு, பீர்க்கங்காய், எவ்வளவு உப்பு, எத்தனை கரண்டி பருப்பு என்று கடகடவென்று சொன்னாள். அண்ணன் டப்பாவில் என்ன போனது, திரும்பி வந்தபோது எவ்வளவு மிச்சம் இருந்தது என்றும் தெரிந்திருந்தது. நீங்க, நீங்க என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம், "எனக்கு ஞாபகமில்ல கண்ணு, என்னமோ தின்னேன், இப்ப அதுக்கென்ன" என்றாள்.

என் பக்கத்து மேஜையில் ஹேவோன் என்று ஒரு பெண் இருக்கிறாள், கொரியாக்காரி. அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளும் படிக்கிற காலத்தில் இதே கேள்விகளைத் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாளாம். அப்பா சாப்பிட்ட மீன், தம்பி சாப்பிட்ட முட்டை எல்லாம் வந்ததாம், அம்மா மட்டும் வரவில்லையாம். கடைசியில், பானையில் என்ன மிஞ்சியது, அது எங்கே போனது என்று மாற்றிக் கேட்டாளாம். அப்போதுதான் பதில் கிடைத்ததாம். நாம என்ன கொரியாக்காரங்களா என்று கேட்டீர்களே. பாருங்கள்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா? குரூப்பில் உங்கள் புது ஷூ படம் மட்டும் வந்தது. இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு அவளை நிற்கவைத்து ஊருக்கே வடை சுடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்றல்


பிஸ்கட்டவே
பிப்ரவரி 8

அப்பாவுக்கு,

ஒரே நாளில் போய்ச் சேரும் தபாலில் இதை அனுப்புகிறேன். நேற்றிலிருந்து என் போனை நீங்கள் எடுக்கவில்லை. அம்மா எடுத்தால், "அப்பா தூங்கறாரு" என்கிறாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் தூங்குகிறீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கும் தூங்குகிறீர்கள்.

ஹில்கிராப்ட் இந்தியக் கடையில் நடந்ததை அண்ணன் சொன்னான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுவிட்டாளாம். முகமெல்லாம் வியர்வை. மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம். நீங்கள் ஒரு இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்து, ஏப்பம் வந்ததும், "பாத்தியா, வாயு" என்றீர்களாம். வீட்டுக்கு வந்து அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்தாளாம். நான் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "மூட்டை மேல உக்காந்துட்டனே, கடைக்காரங்க என்ன நெனப்பாங்களோன்னுதான் கண்ணு கூச்சமா இருந்துச்சு."

எனக்கு எழுதவே கை வரவில்லை, அவ்வளவு கோபமாக இருக்கிறது. அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவன், "நீ ஓவரா ரியாக்ட் பண்ற, ஆனா சரி, ஏதாச்சும் புக் பண்ணு" என்றான். பண்ணிவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணி, உங்களைப் பார்க்கிற அதே இதய டாக்டர். போனில் பேசிய பெண்ணிடம் புது பேஷன்ட் என்று பெயரைச் சொன்னேன். அவளுக்கு அம்மாவைத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பை எடுத்துக்கொண்டு வருவாரே அவரா என்று கேட்டாள். ஆமாம், அவள்தான். உங்கள் பைலையும் மாத்திரை டப்பாவையும் சுமந்துகொண்டு வந்து, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டருக்குப் பதில் சொல்கிறவள். இத்தனை தடவை அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறாள், ஒருமுறைகூட யாரும் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்ததில்லை.

அதற்குள் மறுபடி வியர்த்தாலோ, தாடையோ முதுகோ நெஞ்சோ வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ சோடா வாங்காதீர்கள். 911 கூப்பிடுங்கள். வாயுவா இல்லையா என்று அவர்கள் வந்து சொல்லட்டும்.

வியாழக்கிழமை ரக்ஷாவின் டேகேர் லீவு, குழந்தையை யார் பார்ப்பது என்று அம்மா இப்போதே பின்வாங்குகிறாள். அண்ணனுக்கு அன்றைக்கு ஆபீஸில் சாப்ட்வேர் ரிலீஸ், அண்ணி ஊரில் இல்லை. அதனால் நான் புதன்கிழமை கிளம்பி வருகிறேன். ஆனால் டாக்டரிடம் நான் போக மாட்டேன். நான் ரக்ஷாவைப் பார்த்துக்கொள்கிறேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் அம்மா எனக்கும் சேர்த்துச் சமைக்க ஆரம்பிப்பாள், அதனால் அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் பிரீவேயில் ஓட்ட மாட்டீர்கள், தெரியும். ஊபர் போட்டுத் தருகிறேன். அம்மா கூட நீங்கள் போகிறீர்கள். பையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நான் கூட்டிப் போனால் இது அம்மாவுக்கும் மகளுக்கும் உள்ள சமாச்சாரம் என்று நீங்கள் மறுபடி பேப்பரைப் பிரித்துவிடுவீர்கள். அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் நாற்பது வருஷமாக இருக்கிற நெஞ்சு அது. உங்களுக்கு அது வேண்டும் என்று நான் நம்புகிறேன். வேண்டாம் என்று நினைத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அங்கே டாக்டர் முதலில் கேட்கப்போவது அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று. அவளைக் கேட்டால் நீங்கள் சாப்பிட்டதைச் சொல்வாள். அதனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அனுப்பிய இரண்டு கவரும் வரவில்லை, இந்த முறை கவர் வைக்கவில்லை. இதைப் படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போங்கள். பிரிட்ஜைத் திறந்து பாருங்கள், சிங்க் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு.

சொல்லுங்கள் அப்பா, நேற்று அம்மா என்ன சாப்பிட்டாள்?

தென்றல்